கடைப்பெயரும் நாட்டு விகுதியும்

‘புதூர்’ என்று மட்டும் முகவரி எழுதி ஒரு கடிதத்தை அஞ்சற்பெட்டியில் இட்டால், அது யார் கையிற் போய்ச் சேரும்? தமிழகத்தில் புதூர் என்னும் பெயருடைய ஊர்கள் எத்தனை எத்தனை! வட்டத்தின் பெயரும் மாவட்டத்தின் பெயரும் உடன் எழுதப்பட்டாலன்றி அஞ்சற்காரர் திகைத்து நிற்பார். ஒரே பெயருடைய ஊர்கள் நாடெங்கும் பலவாக இருந்தமையாலும், முகவரிகள் பல மொழிகளில் பல வகையாக எழுதப்பட்டமையாலும் விளைந்த இடர்ப்பாட்டைக் களையும் பொருட்டே, 1972ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் ஆறு இலக்கங்களைக் கொண்ட பின்கோடு எண் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இன்று இணையத்திற் கடை விரிப்போர்க்கும் இதே இடர்ப்பாடு உண்டு. கடைக்கு நல்ல பெயரிட்டால் மட்டும் போதாது. அப்பெயரின் ஈற்றில் எந்த நாட்டின் குறி நிற்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊரை விட்டு வந்து, சிறு தொழில் செய்து பிழைக்கும் நம்மவர் பலர் இதனைக் கருதுவதில்லை. அதுபற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

மும்பையில் தாராவியிலே எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையினின்று மணமாகி வந்தவர். முறுக்கும் சீடையும் அதிரசமும் செய்து சுற்றுப்புறக் கடைகளுக்குக் கொடுத்து, அவ்வருவாயில் இரு மக்களைப் படிக்க வைத்தவர். கொரோனா நோய் பரவிய 2020ஆம் ஆண்டிற் கடைகள் அடைபட்டபோது அவருடைய அடுப்பும் ஏறத்தாழ அணைந்தது. தொலைபேசியில் அழைத்துக் கேட்ட சிலராலேயே குடும்பம் தப்பிற்று. நிலைமை சீரடைந்த பின்னர், “கடைக்காரரையே நம்பியிராமல் நமக்கென்று ஓர் இணையதளம் வைத்துக்கொள்வோம், அம்மா” என்றாள் மகள். ஓர் இளைஞர் குறைந்த தொகைக்கு அதனை அமைத்துத் தந்தார். பெயரின் ஈற்றில் அவர் வைத்தது நம் நாட்டுக் குறியன்று. முதலாண்டில் மிக மலிவாகக் கிடைத்த வேறொரு குறி.

தளம் அழகாகவே இருந்தது. ஆயின், முகவரியை முழுதும் எழுதினால் வந்த அத்தளம், ‘முறுக்கு’ என்றோ ‘தாராவிப் பலகாரம்’ என்றோ எழுதித் தேடியபோது வரவில்லை. அதனினும் பெரிய கேடு அடுத்த ஆண்டில் நேர்ந்தது. புதுப்பிக்கும் கட்டணம் முதலாண்டினும் பன்மடங்காக இருந்தது. அதனைக் கட்டச் சொல்லி வந்த அறிவிப்போ, அமைத்துத் தந்தவரின் பழைய மின்னஞ்சலுக்குப் போய்விட்டது. ஏனெனில், பெயர் அவர் பேரிலேயே பதிவாகியிருந்தது. தீபாவளிக்கு இருபது நாள் இருக்கையில் தளம் மறைந்தது. முறுக்குப் பொட்டலங்களின் மேல் அச்சிட்டிருந்த முகவரியெல்லாம் வீணாயிற்று. அம்மையார் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, பலகாரம் செய்யத் தெரிந்த எனக்குப் பலகையைக் காக்கத் தெரியாமல் போயிற்றே!” என்று கண் கலங்கினார்.

அன்று அவருக்கு விளக்கிச் சொன்னவற்றையே இங்கு உங்களுக்கும் சொல்கின்றேன்.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதராகிய நமக்கோ எண்ணினும் பெயரே நினைவில் நிற்கும். ஆதலின், பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் ஓர் ஏற்பாடு தேவையாயிற்று. தொடக்கத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டிருந்தன. பட்டியல் நீண்டுகொண்டே போகவே, 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் புதிய முறையொன்றை வகுத்தார். அதன்படி, பெயரின் ஈற்றுப் பகுதி முதலிற் பார்க்கப்படும். அவ்வீற்றுக்குரிய பதிவகம் எஞ்சிய பகுதி எங்குளது எனக் காட்டும். இதனையே ‘டொமைன் பெயர்’ முறை என்பர். நம் இலக்கணத்திற் சொல்லைப் பகுதி, விகுதி எனப் பிரித்துக் காண்பது போன்றதே இது. கடையின் பெயர் பகுதி. ‘டாட் காம்’, ‘டாட் இன்’ போன்றவை விகுதி.

இவ்விகுதிகள் இரு வகைப்படும். ‘டாட் காம்’, ‘டாட் ஆர்க்’ முதலியன எந்நாட்டுக்கும் உரியன அல்லாத பொது விகுதிகள். ஈரெழுத்துக்களான ‘டாட் இன்’, ‘டாட் எல்கே’, ‘டாட் எஸ்ஜி’ முதலியன முறையே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்குரிய விகுதிகள். நம் நாட்டுக்குரிய ‘டாட் இன்’ 1989ஆம் ஆண்டு மே மாதத்தில் வழங்கப்பட்டது. மும்பையில் வாழும் நமக்கு ஒரு பெருமையும் இதில் உண்டு. தொடக்கக் காலத்தில் அவ்விகுதியைக் காத்து வந்தது இந்நகரின் ஜூஹுவில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமே. அக்காலத்திற் கட்டுப்பாடுகள் மிகுதி; பெயர் பெறுவோர் மிகச் சிலர். 2005ஆம் ஆண்டின் தொடக்கம் வரை பதிவானவை ஏறத்தாழ 7,000 பெயர்களே. அவ்வாண்டில் ‘நிக்ஸி’ எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகத்திடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டு, எவரும் பதிவு செய்துகொள்ளலாம் என விதிகள் தளர்த்தப்பட்டன. அதன் பின்னரே சிறு வணிகர் கைக்கும் ‘டாட் இன்’ எட்டியது.

தற்செயலாக நேர்ந்த ஒரு பொருத்தத்தையும் இங்குச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. ‘இன்’ என்பது தமிழில் ஐந்தாம் வேற்றுமையின் உருபுகளுள் ஒன்று. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் நான்கு பொருள்களை அது தரும் என்று பள்ளியிற் படித்திருப்பீர்கள். ‘மதுரையின் வடக்கு’ என்னுமிடத்து எல்லையையும், ‘ஊரின் நீங்கினான்’ என்னுமிடத்து நீங்கலையும் அஃது உணர்த்தும். இணையத்தின் ‘இன்’னும் எல்லையைத்தான் உணர்த்துகிறது. ‘இக்கடை இந்திய எல்லைக்குள் வாழ்வோர்க்காகத் திறக்கப்பட்டது’ என்பதே அதன் பொருள்.

இவ்வெல்லைப் பொருளைத் தேடுபொறிகள் மதிக்கின்றன. தளம் வைத்திருப்போர்க்குக் கூகுள் நிறுவனம் கூறியுள்ள அறிவுரையில், ஒரு தளம் எந்நாட்டாருக்கு உரியது என்பதற்கு நாட்டு விகுதி வலிய அடையாளம் என்பது தெளிவாக உரைக்கப்பட்டுள்ளது. ‘டாட் காம்’ வைத்திருப்பவர், தாம் எந்நாட்டாரை நோக்கிக் கடை வைத்துள்ளார் என்பதை வேறு வழிகளால் உணர்த்த வேண்டும். முன்பு கூகுள் தந்த ஒரு கருவியில், பொது விகுதியுடைய தளத்தினரும் தமக்குரிய நாட்டைத் தாமே குறித்துக்கொள்ளும் வசதி இருந்தது. அக்கருவி 2022ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. ஆதலின், நாட்டு விகுதியின் மதிப்பு இக்காலத்திற் சற்று உயர்ந்துள்ளது என்றே கொள்ளலாம்.

ஆயினும், இதனை மிகைப்படுத்திக் கூறி மயங்கலாகாது. ‘டாட் இன்’ வாங்கினால் நாளையே முதலிடம் கிடைக்கும் என்று சொல்வோர் உளர், அதனை நம்பற்க. அவ்விகுதி நாட்டைச் சொல்லுமேயன்றித் தெருவைச் சொல்லாது. மாட்டுங்காவில் இரண்டு காப்பித்தூள் கடைகள் இருந்து, இரண்டும் ‘டாட் இன்’ வைத்திருந்தால், அவ்விகுதியால் ஒன்றுக்கு மற்றொன்றைவிட என்ன மேன்மை? ஒன்றுமில்லை. அருகிலுள்ள கடையைத் தேடுவார்க்கு விடை கூறுகையில் தாம் மூன்றினைக் கருதுவதாகக் கூகுள் கூறுகிறது. தேடிய பொருளுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம் ஒன்று. தேடுவார்க்கும் கடைக்கும் இடையே உள்ள தொலைவு ஒன்று. கடை பெற்றுள்ள புகழ் ஒன்று. இம்மூன்றும் பெயரின் ஈற்றால் மட்டும் அமைவன அல்ல. கூகுளின் வணிகப் பதிவில் கடையின் இடத்தைச் சரியாகக் குறித்தல், தளத்தில் தெருவின் பெயரையும் பின்கோட்டையும் உள்ளூர்த் தொலைபேசி எண்ணையும் எழுதுதல், விலையை ரூபாயிற் காட்டுதல், வாங்கியோர் தம் கருத்தை எழுதுமாறு வேண்டுதல் ஆகிய இவையே தெருவைக் காட்டும் வழிகள். விகுதி கதவைத் திறக்கும். உள்ளே அழைத்து வருவது உழைப்பே.

இன்னோர் ஐயமும் அண்மையில் எழுந்தது. கூகுள் நிறுவனம் தன் தேடற் பக்கத்துக்கே நாடுதோறும் தனித்தனி முகவரி வைத்திருந்தது. நம் நாட்டுக்கு அது ‘கூகுள் டாட் கோ டாட் இன்’. அவற்றையெல்லாம் ‘டாட் காம்’ முகவரிக்கே திருப்பிவிடப் போவதாக 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நிறுவனம் அறிவித்தது. உடனே, “அவர்களே கைவிட்ட நாட்டு விகுதி நமக்கு எதற்கு?” என்று சிலர் வினவினர். அது பொருந்தா வினா. 2017ஆம் ஆண்டிலிருந்தே கூகுள், தேடுவோர் எந்த முகவரி வழியே நுழைந்தாலும், அவர் நிற்கும் இடத்தை அறிந்து அதற்கேற்ற விடையையே தந்து வருகிறது. ஆகவே அறிவிப்பு, தேடுவோர் நுழையும் வாயிலைப் பற்றியது. தேடப்படும் கடையின் பலகையைப் பற்றியதன்று. வாயிலுக்கும் பலகைக்கும் உள்ள வேறுபாட்டை மறவாதிருப்போமாக.

மலிவு கருதியோ கவர்ச்சி கருதியோ பிற நாட்டு விகுதிகளை வாங்குவோரும் உளர். தொலைக்காட்சியை நினைவூட்டும் ‘டாட் டிவி’ பசிபிக் பெருங்கடலிலுள்ள துவாலு என்னும் சிறு தீவு நாட்டுக்கு உரியது. செயற்கை நுண்ணறிவை நினைவூட்டும் ‘டாட் ஏஐ’ கரிபியக் கடலிலுள்ள அங்கில்லாத் தீவுக்கு உரியது. இவற்றை உலகெங்கும் உள்ளோர் வாங்குவதால், கூகுள் இவற்றை நாட்டு விகுதிகளாகக் கருதாமற் பொது விகுதிகளாகவே கருதுகிறது. எனவே இவற்றால் தேடலில் தீமை இல்லை. உள்ளூர் நன்மையும் இல்லை. ஆனால், பிறர் நாட்டு விகுதி பிறர் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதை மறக்கலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தினின்று பிரிட்டன் விலகியதன் விளைவாக, ‘டாட் இயூ’ விகுதியுடன் பெயர் வைத்திருந்த பிரிட்டானியர் பல்லாயிரவர், ஒன்றியத்தின் குடியுரிமையோ அங்கு இருப்பிடமோ இல்லாமையால், 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு அப்பெயர்களைப் பயன்படுத்த இயலாதவராயினர். வாடகை வீட்டுச் சுவரிற் கல்வெட்டுப் பொறித்தவர் நிலைதான் அது!

நம் தாய்மொழியிலேயே விகுதி வைத்துக்கொள்ள இயலாதா என்று கேட்பீர்கள். இயலும். நாட்டின் பெயரை அந்நாட்டு மக்களின் எழுத்திலேயே விகுதியாக வைக்கும் முறைக்கு 2009ஆம் ஆண்டில் இசைவு கிடைத்தது. அதன் பயனாகத் தமிழெழுத்து மூன்று நாடுகளின் விகுதிகளில் இடம்பெற்றுள்ளது. ‘டாட் இந்தியா’, ‘டாட் இலங்கை’, ‘டாட் சிங்கப்பூர்’ ஆகிய மூன்றும் தமிழெழுத்தாலேயே எழுதப்படுவன. இதனை எண்ணி மகிழாத தமிழர் யார்? ஆயினும், மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மிடம் பொருள் வாங்குவோர் தமிழர் மட்டுமல்லர். தமிழ்த் தட்டச்சு இல்லாத கைபேசியில் அம்முகவரியை எழுதுதல் அரிது. ஆதலின் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் அதனை ஏற்றுப் போற்றுக. வணிகர்கள் அதனை இரண்டாம் பெயராக வைத்து, முதற்பெயருக்கு வழி திருப்பிவிடுக.

பெயரின் பகுதியைத் தேர்வதிலும் சிந்தனை வேண்டும். ‘ழ’கரத்தை நாம் ஆங்கில எழுத்தில் எழுதும் முறையை மராத்தி பேசும் அண்டை வீட்டார் அறியார், இரட்டித்த எழுத்துகளிலும் இடறுவர். காதால் கேட்டவுடன் கையால் எழுதத்தக்க பெயரே நல்ல பெயர். இடையிற் கோடு பல இடுதல் கூடாது; தொலைபேசியிற் சொல்லும்போது அது குழப்பும். பெயருக்குள்ளேயே பண்டத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் நுழைத்தால் தேடலில் உயர்வு வரும் என்பதும் பழைய எண்ணம். அதனாற் பெரும்பயன் எதுவும் இல்லை என்று கூகுளே கூறியுள்ளது. பண்டத்தின் பெயரைத் தளத்தின் உள்ளே எழுதுக. முறுக்கின் உடன்பிறப்பான பண்டத்தை மராத்தியர் சக்லி என்பர். அச்சொல்லையும் அருகே எழுதி வைத்தால் அவர்களும் வந்து சேர்வர்.

பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் பல நம்மிடையே உண்டு. அங்குள்ளோர்க்கும் பண்டம் அனுப்பக் கருதுவோர், ‘டாட் இன்’ தம்மை ஒரு நாட்டோடு கட்டிவிடும் என்பதை முன்னரே உணர்தல் வேண்டும். பல நாட்டாரையும் நோக்கி வணிகம் செய்வோர்க்குப் பொது விகுதியொன்றை வைத்து, அதன்கீழ் நாட்டுக்கொரு பிரிவு அமைத்தலே சிக்கனமான வழி. கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் விகுதிகளை அந்நாட்டுடன் உரிய தொடர்பு இல்லாதவர் பெற இயலாது என்பதையும் நினைவிற் கொள்க. நம் ‘டாட் இன்’னுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை, உலகின் எம்மூலையில் உள்ளவரும் அதனைப் பெறலாம். ஆகவே ‘டாட் இன்’ என்று கண்டவுடன் அக்கடை இந்தியாவில்தான் உள்ளது என்று நம்பிப் பணம் செலுத்துதலும் தவறு.

இந்த ஏமாற்றத்தைத் தடுக்கும் பொருட்டே வங்கிகளுக்குத் தனி விகுதி வகுக்கப்பட்டது. வங்கிகள் யாவும் ‘டாட் பாங்க் டாட் இன்’ என்னும் ஈற்றுக்கு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளுக்குள் மாறுதல் வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. வங்கியல்லாதார் அவ்வீற்றைப் பெற இயலாது. வங்கியின் பெயரில் வரும் இணைப்பைத் தொடுமுன் அதன் ஈற்றைப் பார்க்கும் பழக்கத்தை நம் வீட்டு முதியோர்க்கும் கற்பித்தல் நன்று. ஈற்றைப் படித்தறிவது வணிகர்க்கு மட்டுமன்று, குடும்பத்துக்கும் காப்பு.

எல்லாவற்றினும் தலையாயது உரிமை. பெயர் யார் பேரிற் பதிவாகிறதோ, அவரே அதற்கு உரியவர். தளத்தை யார் வேண்டுமாயினும் அமைத்துத் தரலாம். பெயரை மட்டும் உங்கள் பேரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் தொலைபேசி எண்ணிற் பதிவு செய்க. கடவுச்சொல்லை நிலப்பத்திரம் வைக்கும் இடத்தில் எழுதி வையுங்கள். ஒரே முறையில் பத்தாண்டு வரையிற் பதிவு செய்துகொள்ளலாம். இயலாதவர் புதுப்பிக்கும் நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைக்கலாம். முதலாண்டு விலையை மட்டும் கேளாமல், இரண்டாம் ஆண்டு விலையைக் கேட்டறிந்த பின்னரே வாங்குக. முன்பே வேறு பெயரில் தளம் வைத்திருந்து ‘டாட் இன்’னுக்கு மாறுவோர், பழைய பெயரை உடனே கைவிடலாகாது. குறைந்தது ஓராண்டேனும் அதனை வைத்திருந்து, அங்கு வருவோரைப் புதிய முகவரிக்கு வழி திருப்பிவிட வேண்டும். வீடு மாறியவர் பழைய வீட்டு வாசலில் புதிய முகவரியை எழுதி ஒட்டிவிட்டு வருவது போன்றது இது.

தாராவி அம்மையாரின் பழைய பெயர் திரும்பக் கிடைக்கவில்லை. மகளின் உதவியால் எளிய புதுப்பெயர் ஒன்றை ‘டாட் இன்’ விகுதியுடன் தம் பேரிலேயே பதிவு செய்துகொண்டார். அத்தீபாவளி நட்டத்தில் முடிந்தது. பின்னர் வணிகப் பதிவில் இடத்தைக் குறித்தனர். முறுக்கின் படங்களையும் விலையையும் மூன்று மொழிகளில் எழுதினர். வாங்கியவர்கள் நல்லுரை எழுதினர். சில திங்கள்களில் சயானிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் முன்பின் அறியாதார் அழைக்கலாயினர். இது விகுதியால் மட்டும் வந்த பயன் என்று நான் கூறேன். ஆயினும், விகுதியும் இடமும் பொருளும் ஒன்றையொன்று பொய்யாக்காமல் ஒரே செய்தியைச் சொல்லத் தொடங்கின என்பது உண்மை. அடுத்த தீபாவளிக்கு அவர் எனக்கு ஒரு பொட்டலம் முறுக்கு அனுப்பியிருந்தார். அதன்மேல் கடையின் பெயருக்குக் கீழே புதிய முகவரியும், அதற்குங்கீழே சிறிய எழுத்தில் அடுத்துப் புதுப்பிக்க வேண்டிய நாளும் அச்சிடப்பட்டிருந்தன! “இதை எதற்கம்மா வாங்குவோர்க்குச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டேன். “நான் மறந்தாலும் யாராவது நினைவுபடுத்துவார்கள் அல்லவா, அண்ணாச்சி!” என்றார்.

பிறந்த ஊரை விட்டு வந்தவர்க்குப் பெயரே முதற்பொருள். அது பிறர் கையில் இருக்கலாகாது. எங்கு வாழ்வோர்க்காக நாம் உழைக்கிறோமோ, அவ்விடத்தை அது உண்மையாகக் காட்டுதலும் வேண்டும். இன்றிரவே உங்கள் கடையின் இணையப் பெயர் யார் பேரில் உள்ளது, எந்நாள் வரையில் உள்ளது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெயரும் ஈறும் நம்முடையனவாயின், தேடி வருவோர் வழி தவறார்.